தள்ளுபடி யார் பையிலிருந்து வருகிறது?

திருமழிசையில் அறை தேடுகிறவர்களில் சுற்றுலாப் பயணிகள் குறைவு. சிட்கோ தொழிற்பேட்டையில் மெஷின் பழுதுபார்க்க வந்த கோவைக்காரர், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குத் தணிக்கைக்கு வந்த அதிகாரி, தண்டலம் சவீதா மருத்துவமனையில் அப்பாவைச் சேர்த்துவிட்டு நாலு நாள் தங்க இடம் பார்க்கும் மகன், கல்யாண மண்டபத்துக்கு முந்தின நாளே வந்து இறங்கும் பெண்வீட்டார், தை மகத்துக்கு ஆழ்வாரைச் சேவிக்க வரும் வெளியூர்க்காரர்கள். பெங்களூரு நெடுஞ்சாலையோரத்து லாட்ஜுகளும் ஹோட்டல்களும் நம்பியிருப்பது இவர்களைத்தான். எல்லாருக்கும் வேண்டியது ஓர் அறை. ஆனால் அவர்கள் கொடுக்கச் சம்மதிக்கும் வாடகை வேறு வேறு. அதிகாரிக்குக் கம்பெனி கொடுத்துவிடும். மகனுக்கு ஒவ்வொரு நூறு ரூபாயும் மருந்துக் கணக்கில் இடிக்கும். ஒரே அறையை இவர்களில் ஒவ்வொருவருக்கும் அவரவர் விலையில் எப்படி விற்பது என்பதுதான் உலக ஹோட்டல் தொழில் நாற்பது ஆண்டுகளாகப் போட்டுவரும் கணக்கு. ஆன்லைன் தள்ளுபடித் தளங்கள் அந்தக் கணக்கின் கருவிகள். கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதைப் பயணியும் தன் பக்கம் திருப்பிக்கொள்ள முடியும்.

முதலில் அறை என்ற சரக்கின் குணத்தைப் பார்க்க வேண்டும். 2020 மே மாதம் கோயம்பேட்டில் கொரோனா பரவியதால் அந்தச் சந்தையை மூடி, காய்கறி வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். செப்டம்பர் இறுதி வரை இங்கேதான் நடந்தது. விடியற்காலையில் ஒரு விலைக்குப் போன தக்காளி, வெயில் ஏறியதும் கேட்ட விலைக்குப் போவதைத் திருமழிசைக்காரர்கள் அந்தச் சில மாதங்கள் வீட்டு வாசலிலேயே பார்த்தார்கள். ஹோட்டல் அறை தக்காளியைவிட மோசமான சரக்கு. தக்காளி மறுநாள் பாதி விலைக்காவது போகும். இன்று இரவு காலியாகக் கிடந்த அறையின் இன்றைய வாடகையை இனி யாரிடமும் வாங்க முடியாது. காலியாக இருந்தாலும் ரிசப்ஷன் ஆளுக்குச் சம்பளம் உண்டு, வங்கிக் கடனுக்கு வட்டி உண்டு. ஒருவர் வந்து தங்கினால் கூடுதலாக ஆகும் செலவு, படுக்கை விரிப்பு வெளுப்பதும் கொஞ்சம் மின்சாரமும்தான். ஆகவே மாலை ஆறு மணிக்கு மேல் வருகிற எந்தப் பணமும் லாட்ஜ் உரிமையாளருக்கு லாபமே.

பிறகு ஏன் அவர் எல்லாருக்கும் குறைத்துக் கொடுப்பதில்லை? குறைத்த விலை வெளியே தெரிந்துவிட்டால் முழு விலை கொடுக்க இருந்த தணிக்கை அதிகாரியும் குறைத்தே கேட்பார். மலிவு விலை வேண்டும். ஆனால் அது மலிவு விலைக்காரர் கண்ணுக்கு மட்டும் பட வேண்டும். இந்தச் சிக்கலை முதலில் தீர்த்தவை விமான நிறுவனங்கள். பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவு விமான நிறுவனத்தின் போட்டியைச் சமாளிக்க, 1985இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சில இருக்கைகளை மட்டும் மிகக் குறைந்த கட்டணத்தில் விட்டது. முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும், ரத்து செய்தால் பணம் போய்விடும் என்ற நிபந்தனைகளே வேலி. அலுவல் பயணிகளால் அந்த வேலியைத் தாண்ட முடியாது. மேரியட் போன்ற ஹோட்டல் குழுமங்கள் இந்த முறையைப் பின்னர் தங்கள் அறைகளுக்கும் கொண்டுவந்தன. இன்று திருப்பதி போகும் குடும்பம் செல்போனில் பார்க்கும் ‘ரத்து செய்ய முடியாது, 15% குறைவு’ என்ற வரி அந்த வேலியின் பேரப்பிள்ளை.

இதையே ஏலமாக மாற்றியவர் ஜே வாக்கர் என்ற அமெரிக்கர். அவர் தொடங்கிய பிரைஸ்லைன் இணையதளம் 1998 ஏப்ரலில் செயல்படத் தொடங்கியது. ‘உங்கள் விலையை நீங்களே சொல்லுங்கள்’ என்ற அந்த முறைக்கு அதே ஆண்டு ஆகஸ்ட்டில் காப்புரிமையும் கிடைத்தது. முதலில் விமான டிக்கெட், சில மாதங்களில் ஹோட்டல். நடைமுறை இதுதான்: ஊரில் எந்தப் பகுதி, எத்தனை நட்சத்திரம் என்று பயணி குறிக்க வேண்டும், தன் விலையைச் சொல்லி கிரெடிட் கார்டு எண்ணையும் கொடுத்துவிட வேண்டும். எந்த ஹோட்டல் என்று தெரியாது. யாராவது அந்த விலைக்கு ஒப்புக்கொண்டால் பணம் உடனே பிடிக்கப்படும், அதன் பிறகுதான் ஹோட்டலின் பெயர் தெரியும். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. ஒப்புக்கொள்ளவில்லை என்றால் ஒரு நாள் காத்திருக்க வேண்டும். அல்லது வேறொரு பகுதியைச் சேர்த்துக்கொண்டு உடனே மறுபடி கேட்கலாம்.

இதில் ஒரு ஓட்டை இருந்தது; பழகியவர்கள் அதை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். நான்கு நட்சத்திர ஹோட்டல் கேட்கும்போது, நான்கு நட்சத்திர ஹோட்டலே இல்லாத பகுதியாகப் பார்த்து ஒன்றைச் சேர்ப்பார்கள். வேறு இடத்தில் போய் மாட்டிக்கொள்ளும் ஆபத்து இல்லை. ஆனால் விலையைக் கொஞ்சம் ஏற்றி உடனே இன்னொரு முறை கேட்கும் உரிமை கிடைத்துவிடும். இப்படிப் படிப்படியாக ஏறி, ஹோட்டல் இறங்கிவரும் விலையைத் தொட்டுவிடுவார்கள். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் கணினி வேலைக்கு அமெரிக்கா போன தமிழ்க் குடும்பங்களுக்கும் ஊர் சுற்றப்போகும்போது கிடைத்த வழிகளில் இதுவும் ஒன்று.

ஏலம் என்று சொன்னாலும் இதில் ஏலத்துக்குரிய நேர்மை முழுதாக இல்லை. சந்தை ஏலத்தில் அடுத்தவர் என்ன கேட்டார் என்று காதில் விழும். இங்கே எதிராளி யார், அவர் எவ்வளவுக்கு இறங்குவார் என்று எதுவும் தெரியாது. ஹோட்டல் 60 டாலருக்குத் தர ஒப்புக்கொண்டிருந்து பயணி 75 டாலர் கேட்டால், நடுவில் உள்ள 15 டாலர் பிரைஸ்லைனுக்கு. பயணி தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தூங்கப்போவார். ஹோட்டலுக்கோ வேறொரு நிம்மதி: மலிவாக விற்றது தன் பெயரில் எங்கும் தெரியாது. பெயரை மறைத்ததுதான் இந்த வியாபாரத்தின் உயிர். விலை சொல்லும் உரிமை அதன் மேல்பூச்சு. இதே முறையை மளிகைக்கும் பெட்ரோலுக்கும் நீட்டிப் பார்த்த வெப்ஹவுஸ் கிளப் 2000 அக்டோபரிலேயே மூடப்பட்டது. பெயர் தெரியாத சோப்பை வாங்க யாருக்கு மனம் வரும்?

ஹோட்டல் ஏலமும் பின்னால் மெல்லத் தேய்ந்து நின்றுபோனது. பெயரை மறைத்து, விலையை மட்டும் காட்டி விற்கும் முறையை 2000இல் தொடங்கிய ஹாட்வயர் முன்பே நடத்திவந்தது. பேரம் பேசப் பொறுமையில்லாத பெரும்பான்மையினர் அதையே விரும்பினார்கள். பிரைஸ்லைனுக்குப் பெரும் பணம் கொண்டுவந்தது ஏலம் அல்ல. 2005இல் அது வாங்கிய ஆம்ஸ்டர்டாமின் புக்கிங்.காம். 2018இல் தாய் நிறுவனமே புக்கிங் ஹோல்டிங்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

இந்த ஏலமுறை தமிழ்நாட்டில் ஏன் வேர்விடவில்லை? பேரம் பேசத் தெரியாதவர்களா நாம்? காரணம் வேறு என்பது என் எண்ணம். கண்ணை மூடிக்கொண்டு ‘மூன்று நட்சத்திரம்’ வாங்க வேண்டுமென்றால் மூன்று நட்சத்திரம் என்பதற்கு ஓர் உறுதியான பொருள் இருக்க வேண்டும். நம் ஊரில் நட்சத்திரத் தகுதிக்கு ஹோட்டல்காரர் விரும்பினால்தான் விண்ணப்பிப்பார். பெரும்பாலான லாட்ஜுகள் அந்தப் பக்கமே போவதில்லை. ‘ஏசி டீலக்ஸ்’ என்று பலகையில் எழுதியிருப்பது எதை வேண்டுமானாலும் குறிக்கும். அறை எடுக்கும் குடும்பத்தலைவர் கேட்பவையும் நட்சத்திரத்துக்குள் அடங்காதவை: வெந்நீர் எத்தனை மணி வரை வரும், வெஸ்டர்ன் டாய்லெட்டா, லிஃப்ட் இருக்கிறதா, பாட்டிக்கு எக்ஸ்ட்ரா பெட் போடுவார்களா, வண்டி நிறுத்த இடம் உண்டா, டிரைவர் எங்கே படுப்பார். அறையைத் திறந்து காட்டச் சொல்லி, மெத்தையை ஒரு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டு, பிறகு வாடகை பேசுகிற ஊரில் பெயர் தெரியாத ஹோட்டலுக்கு முன்பணம் யார் கட்டுவார்கள்?

அந்த நம்பிக்கைக் குறையைத்தான் 2013இல் ரிதேஷ் அகர்வால் தொடங்கிய ஓயோ பிடித்துக்கொண்டது. சின்ன லாட்ஜுகளை எடுத்து, வெள்ளை விரிப்பு, வைஃபை, ஒரே சிவப்புப் பலகை என்று ஒரு சீர்மையைக் கொண்டுவந்து, ஆன்லைனில் மலிவு விலையில் விற்றது. இன்னொரு பக்கம், 2000இல் தீப் கால்ரா தொடங்கிய மேக்மைட்ரிப், முதலில் அமெரிக்காவிலிருந்து இந்தியா வருகிறவர்களுக்கு டிக்கெட் விற்றுவந்து, 2005இல் இந்தியச் சந்தைக்குள் இறங்கியது. 2017 தொடக்கத்தில் கோஐபிபோவும் ரெட்பஸ்ஸும் அதற்குள் வந்து சேர்ந்தன. நேற்றுவரை ஒன்றுக்கொன்று எதிராகத் தள்ளுபடி வீசிக்கொண்டிருந்த இரண்டு பெரிய கடைகளுக்கு ஒரே முதலாளி. இந்த இணைப்பைப் பயணிகள் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஹோட்டல்காரர்கள் கவனித்தார்கள்.

இந்திய ஹோட்டல் மற்றும் உணவகச் சங்கங்களின் கூட்டமைப்பு 2019இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ஹோட்டல்கள் மற்றும் உணவகங்கள் சங்கமும் அந்தக் கூட்டமைப்பின் ஓர் அங்கம்தான். புகாரின் மையத்தில் இருந்தது ‘விலைச் சமநிலை’ என்ற ஒப்பந்த விதி. தளத்தில் காட்டும் விலையைவிடக் குறைவாக வேறெங்கும், ஹோட்டலின் சொந்த இணையதளத்திலும்கூட, அறையை விற்கக் கூடாது. இதோடு ‘அறைச் சமநிலை’யும் உண்டு: வேறு இடத்தில் அறை இருக்கிறது என்று காட்டினால் எங்களிடமும் காட்ட வேண்டும். ஓயோவுக்கும் மேக்மைட்ரிப்புக்கும் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகு ட்ரீபோ, ஃபேப்ஹோட்டல்ஸ் ஆகிய போட்டி நிறுவனங்களின் அறைகள் தளத்திலிருந்து நீக்கப்பட்டதும் விசாரணைக்கு வந்தது.

2022 அக்டோபர் 19 அன்று ஆணையம் தீர்ப்பளித்தது. மேக்மைட்ரிப், கோஐபிபோவுக்கு ரூ. 223.48 கோடி அபராதம், ஓயோவுக்கு ரூ. 168.88 கோடி. விலைச் சமநிலை, அறைச் சமநிலை விதிகளை ஒப்பந்தங்களிலிருந்து எடுக்கும்படி உத்தரவு. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. செய்தித்தாள்கள் அபராதத் தொகையைத் தலைப்பாகப் போட்டன. பயணிக்கு உண்மையில் உதவக்கூடிய பகுதி உத்தரவின் உள்ளே இருந்தது. ஒரு ஹோட்டலின் அறை தளத்தில் கிடைக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் ஒப்பந்தம் முடிந்ததா, தளத்துக்கு ஒதுக்கிய பங்கு தீர்ந்ததா என்பதை வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்று ஆணையம் சொன்னது. அதாவது ‘விற்றுத் தீர்ந்தது’ என்ற சிவப்பு எழுத்துக்கு அந்த ஹோட்டலில் இடமில்லை என்று அர்த்தமாகாது. முப்பது அறை உள்ள லாட்ஜ் தளத்துக்கு எட்டு அறைதான் கொடுத்திருக்கும். எட்டும் போய்விட்டால் திரையில் ‘தீர்ந்தது’; ரிசப்ஷனில் சாவிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

2019 ஜூலை, ஆகஸ்ட்டில் 48 நாள் அத்தி வரதர் தரிசனம் நடந்தபோது காஞ்சிபுரத்தில் அறைக்கு அலைந்தவர்களுக்கும், கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போகிறவர்களுக்கும் இது பொருந்தும். நெரிசல் நாட்களில் ஹோட்டல்காரர் முதலில் மூடுவது தளத்தின் பங்கைத்தான். கமிஷன் கொடுக்காமலே அறை போகும் நாளில் அவர் ஏன் கொடுக்க வேண்டும்?

கமிஷனுக்கு வருவோம். தளங்கள் ஹோட்டல்களிடம் எடுப்பது பொதுவாக 15 முதல் 30 விழுக்காடு என்று தொழிலில் சொல்வார்கள். சின்ன லாட்ஜுகள் மேல் நுனியில் இருக்கும், பெரிய குழுமங்கள் பேசிக் குறைத்துக்கொள்ளும். கணக்குக்கு 20 என்று வைப்போம். தளத்தில் வாடகை ரூ. 2,000. கமிஷன் ரூ. 400. அந்தக் கமிஷனுக்கு 18% ஜிஎஸ்டி ரூ. 72. லாட்ஜுக்கு மிஞ்சுவது ரூ. 1,528. பயணி நேரில் வந்து ரூ. 1,750 கொடுத்தால் அவருக்கு ரூ. 250 மிச்சம், லாட்ஜுக்கு ரூ. 222 கூடுதல். இரண்டு பக்கமும் லாபம் வரும் பேரம் உலகத்தில் அடிக்கடி அமைவதில்லை. திரையில் ‘40% தள்ளுபடி’ என்று பச்சையில் மின்னுவதைப் பெரும்பாலும் கொடுப்பவர் லாட்ஜ்காரர்தான். அதற்கு மேல் கமிஷனும் அவர் பையிலிருந்தே. அந்தக் கமிஷனில் பாதியைத் தனக்குக் கேட்பதுதான் பயணி செய்யக்கூடிய உண்மையான ‘ஏலம்’.

அண்மையில் வந்த ஒரு வரி மாற்றம் இந்தப் பேரத்தைப் பயணி பக்கம் இன்னும் சாய்த்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை ரூ. 7,500 வரையுள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. ஆனால் உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது. முன்பு கமிஷன் மீது கட்டிய அந்த ரூ. 72ஐ லாட்ஜ் தன் வரியில் கழித்துக்கொள்ளும்; இப்போது அது நேரடிச் செலவு. தளம் வழியாக வரும் வாடிக்கையாளர் முன்பைவிட லாட்ஜுக்குச் சற்றுக் கூடுதல் செலவு வைக்கிறார். நேரில் வருகிறவருக்குக் குறைத்துக் கொடுக்க அதனால் இடம் கூடியிருக்கிறது.

சின்ன லாட்ஜுகளில் வரிக் கணக்கு இன்னும் வேறு. ஆண்டு வருமானம் ரூ. 20 லட்சத்துக்குள் இருந்து ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாத விடுதியில் நேராக அறை எடுத்தால் வரி இல்லை. அதே அறையைத் தளம் வழியாக எடுத்தால், ஜிஎஸ்டி சட்டத்தின் 9(5) பிரிவுப்படி வரியைத் தளமே வசூலித்துக் கட்ட வேண்டும். அந்த 5 விழுக்காடு பயணி தலையில்தான் விழும்.

அதனால் எல்லாத் தளங்களையும் அழித்துவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. விலை தெரியாமல் பேரம் பேச முடியாது. அந்த விலையைத் தளம் இலவசமாகச் சொல்கிறது. பழைய காலத்தில் டாரிஃப் கார்டில் அச்சடித்த விலையிலிருந்து தரகர் எவ்வளவு குறைப்பார் என்று ஊகிக்கத்தான் முடிந்தது. இன்று தளத்து விலையைப் பார்த்துக்கொண்டு, வரியும் சேர்ந்த கடைசித் தொகை வரை போய்ப் பார்த்து, பணம் கட்டும் இடத்தில் நிறுத்திவிட்டு ரிசப்ஷனைக் கூப்பிடலாம். “சார், ஆன்லைன்ல வரியோட 2,100 காட்டுது. நேரா வர்றேன், ரெண்டு நாள் தங்குவேன், என்ன போட்டுத் தருவீங்க?” என்று கேட்டால் போதும். கூச்சப்பட ஒன்றுமில்லை. இரண்டு நாள் என்ற சொல்லும், ‘இன்னிக்கே’ என்ற சொல்லும் வாடகையைக் குறைக்கும் அளவுக்கு வேறெந்தக் கூப்பனும் குறைக்காது.

பேசும்போது வாடகையோடு நேரத்தையும் பேச வேண்டும். தளங்களில் பொதுவாக நடுப்பகல் 12 மணிக்கு உள்ளே, மறுநாள் 11 மணிக்கு வெளியே. தமிழ்நாட்டு லாட்ஜுகளில் வழக்கமாக 24 மணி நேரக் கணக்கு: காலை ஐந்து மணிக்கு வந்தால் மறுநாள் காலை ஐந்து மணிவரை ஒரு நாள் வாடகை. இரவுப் பேருந்தில் வந்து விடியலில் பூந்தமல்லி பைபாஸில் இறங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் பெரியது. தளத்தில் பதிவு செய்தால் ஐந்து மணிக்கு அறை தர அவர்களுக்குக் கட்டாயம் இல்லை. ‘ஏர்லி செக்-இன்’ என்று பாதி வாடகை கேட்பார்கள், அல்லது முந்தின இரவையும் சேர்த்து எடுக்கச் சொல்வார்கள். ரூ. 1,400க்குத் தளத்தில் எடுத்த அறை இப்படி ரூ. 2,100 ஆகும், ரிசப்ஷனில் ரூ. 1,600 சொன்ன அறை உண்மையில் மலிவு. இந்த ஒரு கணக்கை எந்தத் தளத்தின் ‘விலை குறைவானது முதலில்’ வரிசையும் காட்டாது.

கிழமையும் கவனிக்க வேண்டியது. மாமல்லபுரமும் ஏலகிரியும் சனி, ஞாயிறில் ஏறும். திருமழிசை முதல் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரையுள்ள தொழிற்பட்டையில் வாரநாட்களில்தான் அறைக்குக் கிராக்கி. முகூர்த்த நாளாக இல்லாவிட்டால் சனிக்கிழமை இரவு இறங்கிக் கொடுப்பார்கள்.

தளங்களே ஜெயிக்கும் இடங்களும் உண்டு. பெரிய குழும ஹோட்டல்களில் ரிசப்ஷன் ஆளுக்கு விலை குறைக்கும் அதிகாரம் இல்லை. கணினி சொல்வதை அவர் சொல்வார். அங்கே வங்கி கார்டு சலுகை, தளத்தின் உறுப்பினர் தள்ளுபடி ஆகியவை உண்மையான மிச்சம், ஏனெனில் அவற்றில் ஒரு பங்கை வங்கியோ தளமோ போடுகிறது. அந்தக் குழுமத்தின் சொந்தச் செயலியில் உறுப்பினராகச் சேர்ந்தால் அதைவிடக் குறையவும் கூடும் என்பதால் இரண்டையும் பார்க்க வேண்டும். இன்னொன்று ரூ. 7,500 என்ற வரி எல்லை. ரூ. 7,800 அறைக்கு 18% வரி சேர்த்தால் ரூ. 9,204. ஹோட்டல் ரூ. 300 குறைத்து 7,500க்குக் கொடுத்தால் 5% வரியோடு ரூ. 7,875. முந்நூறு ரூபாய்ப் பேரத்தில் பயணிக்கு மிச்சம் ரூ. 1,329. கல்யாணத்துக்குப் பத்து அறை எடுக்கிறவர்கள் இந்த எல்லையை மனத்தில் வைத்தே பேச வேண்டும்.

திரையில் நம்பக் கூடாதவை பற்றி அரசாங்கமே எழுதிவைத்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிடுகின்றன. அவற்றில் ‘பொய்யான அவசரம்’ என்பதற்குக் கொடுத்த உதாரணமே ஹோட்டல் அறைதான்: இரண்டே அறை மீதம், முப்பது பேர் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற வாசகம். கேட்காமலே காப்பீட்டையும் நன்கொடையையும் கூடையில் போடுவது, முதலில் ஒரு விலையைக் காட்டிக் கடைசிப் பக்கத்தில் கட்டணங்களை ஏற்றுவது ஆகியவையும் பட்டியலில் உண்டு. விலை ஒப்பிடும் தளங்களும் விதிவிலக்கல்ல. ஆஸ்திரேலியாவில் ட்ரிவாகோ, மலிவான விலையை முதலில் காட்டுவதாகச் சொல்லிவிட்டு, தனக்கு அதிகம் கொடுக்கும் தளத்தின் விலையை முன்னே நிறுத்தியது. சாதாரண அறையின் விலைக்குப் பக்கத்தில் சொகுசு அறையின் விலையை அடித்துக் காட்டித் தள்ளுபடி போலத் தோன்றச் செய்தது. 2022இல் அந்நாட்டு நீதிமன்றம் விதித்த தண்டம் 4.47 கோடி ஆஸ்திரேலிய டாலர். அடித்துக் காட்டிய பழைய விலையைப் பொருட்படுத்தாமல் இருப்பதே உத்தமம்.

நேராகப் பேசுவதில் ஓர் ஆபத்து புதிதாக முளைத்திருக்கிறது. கூகுளில் ஹோட்டல் பெயரைத் தட்டினால் வரும் செல்போன் எண் ஹோட்டலுடையதாக இருக்க வேண்டும் என்ற உறுதி இல்லை. புண்ணியத் தலங்களில் போலி இணையதளங்கள் வைத்து அறை முன்பதிவு என்று பணம் பறிக்கும் கும்பல்கள் பற்றி இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025 ஏப்ரலில் எச்சரித்தது. திருமலை திருப்பதி தேவஸ்தானமும் போலித் தளங்களைப் பற்றிப் பலமுறை சொல்லியிருக்கிறது. ஆகவே எண்ணை ஹோட்டலின் சொந்த இணையதளத்திலிருந்தோ, பழைய பில்லிலிருந்தோ எடுக்க வேண்டும். முழு வாடகையையும் யுபிஐயில் முன்கூட்டி அனுப்பச் சொன்னால், அதுவும் தனிநபர் பெயருக்கு அனுப்பச் சொன்னால், போனை வைத்துவிடலாம். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பணத்தைத் தூரமாகக் கொண்டுபோகும். கோயில் விடுதிகளுக்குத் தேவஸ்தானம், அறநிலையத் துறை ஆகியவற்றின் தளங்களும், தமிழ்நாடு ஹோட்டல்களுக்குச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் தளமும் போதும். அங்கே நடுவில் யாருக்கும் இடமில்லை.

தளம் வழியாகப் பணம் கட்டிவிட்டு, போய் இறங்கியபின் ‘உங்க புக்கிங் எங்களுக்கு வரலியே’ என்று கைவிரித்தால்? ஹோட்டலும் தளமும் ஒருவரையொருவர் கைகாட்டும். பதிவு உறுதிச் செய்தி, பணம் கட்டிய விவரம், ரிசப்ஷனில் மறுத்த நேரம் ஆகியவற்றைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்ய வேண்டும். பல நேரம் பணம் அங்கேயே திரும்பக் கிடைத்துவிடும். முடியாவிட்டால், தளத்தின் தலைமை அலுவலகம் குருகிராமில் இருந்தாலும் ஆம்ஸ்டர்டாமில் இருந்தாலும், ஹோட்டல் ஊட்டியில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. திருமழிசைக்காரருக்கு அது திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, கொடுத்த தொகை ரூ. 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை.